நள்ளிரவு 12 மணி என்று மட்டும் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணி முதல்" என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. டோல் கட்டணம் ஏறினாலும் சரி, ஸ்டிரைக் ஆரம்பித்தாலும் சரி, போக்குவரத்தை மாற்றி விட்டாலும் சரி, இதே வரிதான். இதை எங்கள் தெருவில் நாலு பேரிடம் படித்துக் காட்டி "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு வருகிற 12 மணி என்பார் ஒருவர். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு வருகிற 12 மணி என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் முழுதாக 24 மணி நேரம் கிடக்கிறது. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விழுப்புரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அனுமதி பெற்ற ஏஜென்டாக ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது, வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவது, வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிப்பது, இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவனுக்கு மிட்நைட் என்கிற வார்த்தை தினமும் எதிரில் வந்து நிற்கும். காரணம் ரொம்ப எளிது. எழும்பூரில் இரவு ஒன்பதே முக்கால், பத்து மணிக்குக் கிளம்புகிற தெற்கத்தி வண்டி 160 கிலோமீட்டர் ஓடி விழுப்புரம் ஜங்ஷனுக்குள் நுழையும்போது ஏறத்தாழ 12 மணி ஆகிவிடும். சில வண்டிகள் 11.50க்கு வரும், சில 12.10க்கு. அந்த இருபது நிமிடத்தில் டிக்கெட்டில் உள்ள தேதி மாறிவிடுகிறது. சென்னையில் ஏறுகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. எங்களுக்கு உண்டு.

15ஆம் தேதி, 00.10 மணி என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி ராத்திரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இது தெரிந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் 15ஆம் தேதி ராத்திரி பெட்டி படுக்கையோடு போய் நிற்கிறார்கள். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய குடும்பம் ஒன்று இப்படித்தான் மாட்டியது, வேறு எங்கோ போட்ட டிக்கெட். வண்டி வந்தது, ஏறினார்கள், அவர்கள் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பரிசோதகர் வந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது நேற்றைக்குப் போன வண்டிக்கு உரியது, இப்போது 16ஆம் தேதி பிறந்துவிட்டது" என்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி போன பிறகு உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, ஆகவே அந்தப் பணம் போயிற்று. அபராதமும் கட்டி, கைக்குழந்தையோடு கதவோரம் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அந்த அம்மா ஊர் திரும்பிய பிறகு என் கடைக்கு வந்து அந்த டிக்கெட்டை மேஜைமேல் வைத்து, "இதில் எங்கே தம்பி நேற்று ராத்திரி என்று போட்டிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டார். டிக்கெட்டில் எங்கேயும் இல்லை. 15 என்றும் 00.10 என்றும் மட்டும்தான் இருந்தது. படித்தவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர். அவருக்குப் புரியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை.

தட்கல் இன்னும் மோசம். தட்கல் முன்பதிவு, வண்டி புறப்படுகிற ஸ்டேஷனில் அது எந்தத் தேதியில் கிளம்புகிறதோ அதற்கு முந்தின நாள் திறக்கும். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி. 14ஆம் தேதி இரவு எழும்பூரில் கிளம்பும் வண்டிக்கு 13ஆம் தேதி காலையில் தட்கல். அதே வண்டி விழுப்புரத்துக்கு வருவது 15ஆம் தேதி 00.10க்கு. எங்கள் ஊர்க்காரர் என்ன செய்வார்? 15க்குத் தானே பயணம், அப்படியானால் 14ஆம் தேதி காலையில்தான் தட்கல் என்று வேலையை விட்டுவிட்டு அன்றைக்கு வந்து நிற்பார். முந்தின நாளே எல்லாம் முடிந்திருக்கும். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கிச் சொன்னாலும் அடுத்த ஆள் அதே கேள்வியோடு வருகிறார்.

விமானத்திலும் இதே கதைதான். எங்கள் பக்கம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் எல்லாம் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. வெளிநாட்டு விமானங்களில் பல, நடு ராத்திரியைத் தாண்டித்தான் கிளம்பும். 20ஆம் தேதி 00.45 என்றால் மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், இங்கிருந்து மீனம்பாக்கம் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், ஆக 19ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஆகும். டிக்கெட்டில் இருப்பதோ 20. லீவு முடிந்து திரும்பிப் போகிறவருக்கு ஒரு நாள் தவறினால் வேலையே கேள்விக்குறியாகிவிடும், புதிதாகப் போகிறவர் என்றால் கடன் வாங்கி எடுத்த டிக்கெட். அதனால் என் கடையில் எடுக்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன்: "19 ராத்திரி, விடிந்தால் 20". அந்த நாலு சொல்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இங்கிலீஷ்காரர்களுக்காவது இது தெளிவாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மிட்நைட் என்றால் ராத்திரியின் நடு, அவ்வளவுதான் அந்த வார்த்தைக்குள் இருப்பது. ஒரு பொருளின் நடுவுக்கு வைத்த பெயரைக் கொண்டுபோய் ஒரு நாளின் ஓரத்துக்கு வைத்துவிட்டார்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ராத்திரியைப் பார்த்தால் அது நடு. காலண்டரைப் பார்த்தால் அது எல்லை. வெள்ளிக்கிழமைக்கு இந்தப் பக்கம் ஒரு எல்லை, அந்தப் பக்கம் ஒரு எல்லை, இரண்டுக்கும் ஒரே பெயர். அமெரிக்காவில் அளவைகளுக்கும் நேரத்துக்கும் பொறுப்பான அரசு நிறுவனம் இருக்கிறது, நிஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தேதி போட்டு மிட்நைட் என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும், ஒப்பந்தம் மாதிரியான இடங்களில் இரவு 11.59 என்றோ 12.01 என்றோ எழுதுங்கள் என்று அவர்களே மக்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

12 ஏஎம், 12 பிஎம் இதைவிடத் தொல்லை. ஏஎம் என்பது லத்தீனில் ஆன்டே மெரிடியம், உச்சிப் பொழுதுக்கு முன். பிஎம் என்பது போஸ்ட் மெரிடியம், உச்சிப் பொழுதுக்குப் பின். சரி, பகல் 12 மணி என்பதே உச்சிப் பொழுதுதான், அது தனக்குத் தானே முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. ராத்திரி 12 மணியோ முந்தின உச்சிக்கு 12 மணி நேரம் பின்னால், அடுத்த உச்சிக்கு 12 மணி நேரம் முன்னால். எந்த எழுத்தைப் போட்டாலும் பொருந்தும், எதைப் போட்டாலும் முழுதாகப் பொருந்தாது. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடே 2008 வரை பகல் 12க்கு ஏஎம், ராத்திரி 12க்கு பிஎம் என்று வைத்திருந்து அந்த ஆண்டுப் பதிப்பில்தான் திருப்பிப் போட்டது. இன்றைக்கு நம் செல்போன் 12 ஏஎம் என்று காட்டினால் நடு ராத்திரி, அது ஒரு வழக்கம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கிராமத்தில் ஒரு பெரியவர் மின்வாரிய மெசேஜில் 12 பிஎம் என்று பார்த்துவிட்டு ராத்திரிதானே கரண்ட் போகும் என்று பகலில் மோட்டார் போட நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பகல் 12 என்று இரண்டு வார்த்தையில் சொல்ல வேண்டியதை எழுத்து போட்டுக் குழப்புகிறோம்.

நாள் எப்போது பிறக்கிறது என்பதே எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை, அதையும் நாம் மறந்துவிடுகிறோம். 1884இல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடிப் பேசித்தான் உலகப் பொது நாள் நடு ராத்திரியில் தொடங்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகும் வானியல்காரர்கள் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நடுவில் தேதி மாறினால் குறிப்பேடு குழம்பும் என்று பகல் 12 மணிக்கே நாளைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். 1925 ஜனவரி முதல் தேதியில்தான் அவர்களும் நடு ராத்திரிக்கு மாறினார்கள்.

நம் ஊரில் பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. திங்கட்கிழமை என்றால் திங்கள் காலை உதயம் தொடங்கி செவ்வாய் காலை உதயம் வரை. அறுபது நாழிகை. பழைய தமிழ்க் கணக்கில் சிறுபொழுது ஆறு, அதில் யாமம் என்பது இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை, அதற்கு மேல் வைகறை. 12 மணி என்பது யாமத்துக்கு நட்டநடுவில் கிடக்கிறது, அங்கே எதுவும் முடியவும் இல்லை, தொடங்கவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு வயிற்று வலி வந்தது" என்று சொன்னால் காலண்டர்படி அது சனிக்கிழமை ஒரு மணி. டாக்டர் சீட்டில் சனிக்கிழமை தேதிதான் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, விடியாத வரைக்கும் அவர்களுக்கு அது வெள்ளிக்கிழமைதான்.

முஸ்லிம் வீடுகளில் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அவர்களுக்குச் சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை நேரத்தோடு அடுத்த நாள் வந்துவிடுகிறது. பிறை தெரிந்த ராத்திரியே ரமலான் பிறந்துவிடும், முதல் நோன்புக்கு முந்தின இரவே தராவீஹ் தொழுகை ஆரம்பம். ஒரே தெருவில் ராத்திரி 9 மணிக்கு ஒரு வீட்டில் இன்றைக்கு, பக்கத்து வீட்டில் நாளைக்கு. இதில் யாருக்கும் ஒரு சண்டையும் வந்ததில்லை, ஏனென்றால் அவரவர் கணக்கு அவரவருக்குத் தெளிவாக இருக்கிறது. கடிகாரத்தின் கணக்கைத்தான் நாம் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

இந்தச் சிக்கலை நம் ஜோசியர்கள் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மரியாதையைத் தருகிற விஷயம். ராத்திரி ஒன்றேகாலுக்கு ஒரு குழந்தை பிறந்தால் ஜாதகத்தில் என்ன எழுதுகிறார்கள்? "திங்கட்கிழமை இரவு 1.15 மணி, விடிந்தால் செவ்வாய்க்கிழமை." முடிந்தது. எந்த இரவு என்று தெரிந்துவிட்டது, எந்த இரண்டு கிழமைக்கு நடுவில் என்று தெரிந்துவிட்டது, பஞ்சாங்கக்காரருக்கும் முனிசிபாலிட்டிக்காரருக்கும் இரண்டு பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது. விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகள் சிலருக்கு ஜாதகத்தில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழில் மறு தேதியும் இருக்கும், பயந்துபோய் வருவார்கள். ஜாதகத்தை வாங்கிப் பார்த்தால் "விடிந்தால்" என்கிற சொல் அங்கே இருக்கும், அதைக் காட்டி, இரண்டும் சரிதான், சான்றிதழில் உள்ளதைப் போடு என்று சொல்லிவிடுவேன். நான் டிக்கெட்டில் எழுதிக் கொடுப்பதும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அதேபோல் திருவண்ணாமலை கிரிவலம். எங்கள் ஊர் வழியாகத்தான் பாதிக் கூட்டம் போகும். பௌர்ணமி இத்தனாம் தேதி இந்தக் கிழமை இத்தனை மணிக்குத் தொடங்கி மறுநாள் இந்தக் கிழமை இத்தனை மணிக்கு நிறைவடைகிறது என்று அறிவிப்பு வருகிறது, தேதி, கிழமை, மணி, மறுநாள், நாலும் இருக்கிறது. யாரும் தப்பான ராத்திரியில் மலையைச் சுற்றிவிட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குப் பங்குக் கோயிலில் 24ஆம் தேதி இரவு 11.30 மணி என்று போடுகிறார்கள், அதுவும் அழகு. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இரவு 11.59 என்று போடுவதால் எந்த நாள் என்று கேட்டு ஒருவர்கூட என்னிடம் வருவதில்லை. செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை, செய்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

பெரிய பெரிய அறிவிப்புகள் எல்லாம் நடு ராத்திரியிலேயே வருவதையும் கவனித்துப் பாருங்கள். 1947இல் சுதந்திரம் அந்த நேரத்தில் வந்தது, ஆகஸ்ட் 14 இரவு 11 மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூடியது, விடிந்தால் 15. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 8 மணிக்கு டிவியில் வந்து 500, 1000 ரூபாய் நோட்டு இன்று நள்ளிரவு முதல் செல்லாது என்றார்கள். 2017 ஜூன் 30 ராத்திரி நாடாளுமன்றத்தில் விழா நடத்தி ஜிஎஸ்டியைத் தொடங்கினார்கள், அமலுக்கு வந்தது ஜூலை 1. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கை அறிவித்தபோதும் இன்று இரவு 12 மணி முதல் என்றுதான் சொன்னார்கள். இதில் யாருக்கும் குழப்பம் வராததற்குக் காரணம் "இன்று இரவு" என்கிற சொல். கேட்டுக்கொண்டிருக்கிற ராத்திரியைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் விளங்கியது. அதையே தேதி போட்டு நவம்பர் 8 நள்ளிரவு என்று ஒருவரும், நவம்பர் 9 நள்ளிரவு என்று ஒருவரும் எழுதினால் ஆள் குழம்புவார். டோல் கட்டணத்தில் இது வருஷா வருஷம் நடக்கிறது. ஒரு பத்திரிகையில் "மார்ச் 31 நள்ளிரவு முதல்", இன்னொன்றில் "ஏப்ரல் 1 நள்ளிரவு முதல்". இரண்டும் சொல்வது ஒரே நொடியைத்தான். டோலைத் தாண்டி லாரி ஓட்டுகிற டிரைவர் இரண்டையும் படித்துவிட்டு என்னிடம் வந்து "ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டாங்களா அண்ணே?" என்று கேட்கிறார்.

உங்கள் பத்திரிகைக்கு இதில் தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது. பேப்பர் அச்சாகிறதே அந்த நேரத்தில்தான். வெளியூர்ப் பதிப்பு முன்னிரவிலேயே நாளைய தேதியைத் தாங்கி அச்சாகி வேனில் ஏறிவிடும், நகரப் பதிப்பு பிந்தி. படிக்கிறவர் காலையில் படிக்கிறார். அப்படியிருக்கும்போது "நேற்று நள்ளிரவு 1 மணிக்கு லாரி மோதி" என்று புதன்கிழமை பேப்பரில் வந்தால் அது எப்போது நடந்தது? செவ்வாய்க்கிழமை பிறந்து ஒரு மணி நேரம் ஆனபோதா, புதன்கிழமை பிறந்து ஒரு மணி நேரம் ஆனபோதா? எழுதின நிருபருக்குத் தெரியும். படிக்கிற எனக்குத் தெரியாது. இப்படி வந்த செய்தியை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, எஃப்ஐஆரில் வேறு தேதி இருக்கிறதே என்று கலங்கிப்போய் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவரை இழந்துவிட்டு, இழப்பீட்டுக்கு அலைகிற நேரத்தில் இந்தக் கவலையும் அவர்களுக்கு எதற்கு? "புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு" என்று எழுதினால் ஒரு சந்தேகமும் வராது. அதிகாலை எப்போதும் புதிய நாளோடுதான் ஒட்டிக்கொள்ளும், யாரும் அதை முந்தின நாளோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த ஒரு கோட்டுக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் விபத்து, அதே நாளில் வண்டிக்குப் பாலிசி, அந்தப் பாலிசி அந்த விபத்துக்குச் செல்லுமா என்கிற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாலிசி எடுத்த தேதி மட்டும் இருந்தால் அது அந்தத் தேதி தொடங்கிய நேரத்திலிருந்தே, அதாவது முந்தின நடு ராத்திரியிலிருந்தே செல்லும் என்று 1990இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பாலிசியில் மணியும் குறித்திருந்தால் அந்த மணியிலிருந்துதான் செல்லும் என்று 1997இல் வேறொரு வழக்கில் சொன்னார்கள். இன்றைக்கு உங்கள் பைக் பாலிசியை எடுத்துப் பாருங்கள், தொடங்குகிற தேதிக்குப் பக்கத்தில் மணியும் இருக்கும். முடிகிற பக்கத்தில் இன்ன தேதி மிட்நைட் என்று இருந்தால் அது அந்தத் தேதி முடிகிற ராத்திரி. தொடங்குகிற பக்கத்தில் 00.00 என்று இருந்தால் அது அந்தத் தேதி பிறக்கிற ராத்திரி. ஒரே தாளில் இரண்டு விதமாக வருகிறது, இதை யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்.

ஓய்வூதியக்காரர்கள் கதை இதைவிடப் பெரியது. ஜூன் 30 மாலையோடு ஓய்வு பெறுகிறார் ஒரு மத்திய அரசு அதிகாரி. வருஷாந்திர இன்கிரிமென்ட் ஜூலை 1. ஒரு முழு ஆண்டு வேலை பார்த்து முடித்தாயிற்று, ஆனால் இன்கிரிமென்ட் விழுகிற நாளில் அவர் பணியில் இல்லை, நடுவில் அந்த 12 மணி வந்துவிட்டது. கிடையாது என்றது துறை. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல், அவர் அந்த ஆண்டு முழுவதும் வேலை செய்திருக்கிறார், ஓய்வூதியக் கணக்குக்கு அந்த இன்கிரிமென்ட்டைச் சேர்த்துக் கொடுங்கள் என்று சொன்னது. பிறகு 2023இல் கர்நாடக மின் துறை ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. மாதம் முதல் தேதியில் பிறந்த அரசு ஊழியர் முந்தின மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவதற்கும் அடியில் இதே கணக்குதான் இருக்கிறது. பிறந்த நாள் தொடங்கும்போதே வயது பூர்த்தியாகிவிடுகிறது என்று சட்டம் எண்ணுகிறது, இரவு விருந்தில் கேக் வெட்டும்போது அல்ல. நம் ஊரில் இந்தத் தேதிக் கோட்டின் மேல் எத்தனை பேருடைய பணம் நிற்கிறது என்று காட்டத்தான் இதைச் சொன்னேன்.

ரயில்வே மாதிரி 24 மணிக் கணக்குக்கே எல்லோரும் மாறிவிட்டால் தீர்ந்துவிடும் என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 00.10 என்று போட்டால் மணி தெளிவாகும், எந்த ராத்திரி என்பது தெளிவாகாது, மேலே சொன்ன அம்மாவிடம் இருந்ததும் 24 மணிக் கணக்கு டிக்கெட்தான். ஜப்பானில் டிவி நிகழ்ச்சிக்கும் பின்னிரவு வரை திறந்திருக்கிற கடைக்கும் 25 மணி, 26 மணி என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது, வெள்ளி 25 மணி என்றால் வெள்ளி ராத்திரி தாண்டி ஒரு மணி. நல்ல ஏற்பாடு, மனிதர்கள் ராத்திரியை எப்படி எண்ணுகிறார்களோ அப்படியே எண்ணுகிறது. ஆனால் நமக்கு அதைப் பழக்குவதைவிட "விடிந்தால்" என்பது எளிது, அது ஏற்கெனவே நம் பாட்டிமார் வாயில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் செய்தி அறையில் நள்ளிரவு 12 மணி என்று தனியாக ஒரு தேதியோடு வருகிற எந்த வரியையும் அப்படியே அனுப்பாதீர்கள். அரசு அறிக்கையில் அப்படி இருந்தாலும், தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "வியாழன் இரவு 12 மணி முதல் (விடிந்தால் வெள்ளி)" என்று அச்சிடுங்கள். இடம் இல்லை என்றால் 11.59 என்றோ 12.01 என்றோ போடுங்கள், ஒரு நிமிடத்தில் யாருக்கும் எதுவும் நஷ்டமாகிவிடாது. 12 ஏஎம், 12 பிஎம் இரண்டையும் தூக்கிவிட்டு பகல் 12, இரவு 12 என்று எழுதுங்கள். ராத்திரி 12க்கு மேல் நடந்த விபத்து, தீ, திருட்டுச் செய்திகளில் "நேற்று நள்ளிரவு" என்பதை விட்டுவிட்டு கிழமையும் அதிகாலையும் சேர்த்து எழுதுங்கள். விளம்பரப் பகுதியிலும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், கடைகளின் தள்ளுபடி விளம்பரத்தில் "31 நள்ளிரவு வரை" என்று வந்து, 31ஆம் தேதி காலையில் போனவரைக் கடைக்காரர் நேற்றோடு முடிந்தது என்று திருப்பி அனுப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள், உங்கள் மூலமாகத்தான் அது போய்ச் சேர வேண்டும். ராத்திரி 12 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் ஏறுகிற பயணிகளின் டிக்கெட்டில் தமிழில் ஒரே ஒரு வரி, "முந்தைய நாள் இரவே நிலையத்துக்கு வரவும்" என்று கிழமையோடு அச்சாகட்டும், அதே வரி செல்போனுக்கு வருகிற மெசேஜிலும் இருக்கட்டும். வண்டி கிளம்பும் தேதியும் ஏறும் தேதியும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் வேறு வேறாக இருந்தால் அந்த வரி தானாக வரும்படி செய்வது பெரிய வேலை அல்ல. முன்பதிவுத் தளத்தை ராத்திரி 11.45 மணி வாக்கில் மூடி 12.20க்குத் திறக்கிறார்கள், தேதி மாறுகிற நேரத்தில் கணினிக்குக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிற அந்த அக்கறையில் கொஞ்சம் பயணிக்கும் வேண்டும். விழுப்புரம், மயிலாடுதுறை, ஜோலார்பேட்டை, விருத்தாசலம் மாதிரி பாதி ராத்திரியில் வண்டி வருகிற ஊர்க்காரர்கள் யாரிடம் வேண்டுமானாலும் உங்கள் நிருபரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறவர்கள் முதலில் சொல்வார்கள், ஒரு நாள் தப்பி வந்து நிற்கிற குடும்பங்களை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, தட்கல் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
விழுப்புரம்